ஸ்டீயரிங் ஆயில் எங்கே போகிறது? பவர் ஸ்டீயரிங்கை நாமே சோதித்துப் பராமரிக்க ஒரு வழிகாட்டி

இஞ்சின் ஆயில் ஓட ஓடக் கொஞ்சம் எரியும். கண்ணாடி துடைக்க ஊற்றும் தண்ணீர் தீரும். பவர் ஸ்டீயரிங் ஆயில் மட்டும் தீராது. மூடிய குழாய்களுக்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது, எங்கும் எரிவதில்லை. போன மாதம் மேல்கோட்டில் நின்ற ஆயில் இந்த மாதம் கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தால், அது எங்கோ கசிந்து வெளியேறியிருக்கிறது. குறைந்ததை நிரப்பிவிட்டுப் போவது வைத்தியம் ஆகாது. எங்கே போனது என்று தேட வேண்டும்.

இதை நான் தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய 2011 மாடல் இன்னோவாவை வாங்கினேன். எட்டு மாதங்களில் மூன்று முறை ஸ்டீயரிங் ஆயில் குறைந்தது. ஒர்க்‌ஷாப்பில் மூன்று முறையும் நிரப்பி அனுப்பினார்கள். நான்காவது முறை, வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலை ஏறும்போது, கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ஸ்டீயரிங் திடீரென்று இறுகி உறுமியது. பின்னால் குடும்பம் முழுவதும் உட்கார்ந்திருந்தது. மெதுவாக ஓரம் கட்டி, குளிரவிட்டு, ஆயில் வாங்கி ஊற்றி ஊர் திரும்பினோம். மறுநாள் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். வயதானவர். வண்டிக்கு அடியில் படுத்து, முன்சக்கரத்தை ஒட்டி இருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறையை (இதற்குப் பெயர் 'பூட்') இரண்டு விரலால் பிதுக்கினார். மடிப்பின் இடுக்கிலிருந்து கருஞ்சிவப்பாக ஆயில் வழிந்து அவர் மணிக்கட்டுவரை ஓடியது. "தம்பி, நீங்கள் வாங்கி ஊற்றியதெல்லாம் இங்கேதான் இருக்கிறது" என்றார். ஸ்டீயரிங்கின் திருப்பத்தை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ரேக்கின் உள்ளே ஆயில் சீல் போயிருந்தது. அந்த ஒரு பிதுக்கலுக்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை; முதல் முறையே யாராவது செய்திருக்கலாம்.

இந்தக் கட்டுரையில் சொல்லப்போவதில் பெரும்பகுதி அப்படிப்பட்டதுதான். கண், காது, கை இருந்தால் போதும்.

உங்கள் வண்டியில் இருப்பது எது?

பானெட்டைத் திறந்து பாருங்கள். மூடியில் ஸ்டீயரிங் சக்கரப் படமோ, பவர் ஸ்டீயரிங் என்ற எழுத்தோ உள்ள சிறிய ஆயில் டப்பா இருந்தால் உங்களுடையது ஹைட்ராலிக் வகை. இன்னோவா, பொலேரோ, பழைய இண்டிகா எல்லாம் இந்த வகை. டப்பாவே இல்லையென்றால் பெரும்பாலும் மின்மோட்டார் வகை. மாருதி ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட் போன்ற சிறிய கார்களில் இதுதான். இரண்டுக்கும் நடுவில், மின்மோட்டாரே ஹைட்ராலிக் பம்பை ஓட்டும் கலப்பு வகையும் உண்டு. அதற்கு ஆயில் டப்பா இருக்கும்.

ஹைட்ராலிக் வகை பழையது. அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் 1926-இலேயே காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார்; 1951-இல்தான் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் அது விற்பனைக்கு வந்தது. மின்மோட்டார் வகையை 1988-இல் சுசுகி தன் செர்வோ என்ற சிறிய காரில் முதலில் கொண்டுவந்தது.

ஹைட்ராலிக் வேலை செய்யும் விதம் எளிது. இஞ்சின் சுழற்றும் பம்ப், டப்பாவில் உள்ள ஆயிலை உறிஞ்சி அழுத்தத்துடன் ரேக்குக்கு அனுப்புகிறது. நீங்கள் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது, தண்டின் அடியில் உள்ள மெல்லிய முறுக்குக் கம்பி சற்றே முறுகி ஒரு வால்வைத் திறக்கிறது. எந்தப் பக்கம் ஒடிக்கிறீர்களோ அந்தப் பக்கம் நகர்வதற்கு உதவியாக ஆயில் ரேக்கைத் தள்ளுகிறது. வேலை முடிந்த ஆயில், ரிட்டர்ன் குழாய் வழியே டப்பாவுக்குத் திரும்புகிறது. பம்ப் நின்றுவிட்டாலும் சக்கரங்களுக்கும் உங்கள் கைக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கும். வண்டி திரும்பும்; கைதான் வலிக்கும்.

பானெட்டைத் திறக்கும் முன்

முதலில் நான்கு டயரிலும் காற்று பாருங்கள். "ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது" என்று வரும் குறைகளில் எத்தனையோ, முன்டயரில் காற்று குறைந்ததால் வருபவை. கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணையில் உள்ள அளவுக்குக் காற்று அடித்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கமாக இழுத்தால் காற்றுக்கு அடுத்து வீல் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும்.

பிறகு இந்தச் சோதனை. இஞ்சின் ஓடாத நிலையில் சாவியைத் திருப்பி ஸ்டீயரிங் பூட்டை விடுவியுங்கள். பிரேக்கை மிதித்தபடி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக லேசான பலத்துடன் தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள், இறுகி நிற்கும். அப்படியே பிடித்தபடி இஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆனதும் கைக்குள் இறுக்கம் தளர்ந்து, நீங்கள் தள்ளிய பக்கமாகச் சக்கரம் வழுக்கி நகர வேண்டும். அந்தத் தளர்ச்சிதான் பவர் உதவி வந்துவிட்டதன் அடையாளம். ஹைட்ராலிக், மின்மோட்டார் இரண்டுக்கும் இது பொருந்தும்.

அடுத்து பிளே, அதாவது ஸ்டீயரிங்கின் வெற்று ஆட்டம். டயர்கள் நேராக இருக்கும்போது, இஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கின் விளிம்பை விரல் நுனியால் இடமும் வலமும் மெல்ல அசையுங்கள். டயர் அசையத் தொடங்கும்வரை எவ்வளவு தூரம் சும்மா ஆடுகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். டொயோட்டா போன்ற நிறுவனங்கள் 30 மில்லிமீட்டரை உச்ச அளவாகச் சொல்கின்றன. அதற்கு மேல் ஆடினால் டை ராடு எண்ட் (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு), ஸ்டீயரிங் தண்டின் ஜாயிண்ட், ரேக் இவற்றில் ஏதோ தேய்ந்திருக்கிறது. இது ஆயில் ஊற்றித் தீரும் குறையல்ல. தள்ளிப்போடாமல் மெக்கானிக்கிடம் போங்கள்.

டப்பாவுக்குள் பார்ப்பது

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். ஆயில் அளவைச் சூட்டில் ஒன்று, குளிரில் ஒன்று என்று இரண்டு விதமாகப் பார்க்கலாம். சில டப்பாக்களில் ஹாட், கோல்ட் என்று தனித்தனிக் கோடுகள் இருக்கும். சிலவற்றில் குறைந்த அளவு (MIN), கூடிய அளவு (MAX) மட்டும். ஒளி ஊடுருவும் டப்பாவானால் வெளியிலிருந்தே தெரியும். இல்லையென்றால் மூடியோடு ஒட்டிய அளவுக் கம்பி இருக்கும். மூடியைத் திறப்பதற்கு முன் சுற்றிலும் உள்ள தூசியைத் துடைத்துவிடுங்கள். உள்ளே விழும் ஒரு மணல் துகள் பம்பின் மெல்லிய தகடுகளைக் கீறும்.

அளவோடு நின்றுவிடாதீர்கள். ஆயிலைப் பாருங்கள். கம்பி நுனியிலிருந்து இரண்டு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விடுங்கள். நல்ல ஏடிஎஃப் (பல ஸ்டீயரிங்குகளிலும் ஊற்றும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) மாதுளைச் சாறு நிறத்தில் தெளிவாகப் பரவும். பழுப்பாக இருந்தால் வயதாகிவிட்டது. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் சூடேறிக் கெட்டிருக்கிறது. சொட்டின் நடுவில் கறுப்புத் துகள்கள் நின்றால் ரப்பர் ஹோஸோ சீலோ உள்ளுக்குள் உதிர்கிறது. வெயிலில் சாய்த்துப் பார்க்கும்போது வெள்ளி மினுக்கம் தெரிந்தால் உலோகத் தேய்மானம். பம்பைக் கவனிக்கச் சொல்ல வேண்டும்.

நுரை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இஞ்சின் ஓடும்போது ஆயில் பால் ஆடை போல வெளுத்துக் குமிழ் கட்டினால் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. இதை அளந்தும் சொல்லலாம். ஆயில் சூடானபின் இஞ்சின் ஓடும்போது மட்டம் எங்கே நிற்கிறது என்று மார்க்கரால் கோடு போடுங்கள். இஞ்சினை நிறுத்தி, மீண்டும் பாருங்கள். மட்டம் 5 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்தால் உள்ளே காற்று இருக்கிறது என்பது டொயோட்டா கையேடுகள் சொல்லும் கணக்கு. காற்று பெரும்பாலும் டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் உறிஞ்சு குழாயின் தளர்ந்த கிளாம்ப் வழியாகத்தான் நுழையும். அந்த இடத்தில் ஆயில் வெளியே கசியாமலேயே காற்று உள்ளே போகலாம்; புதியவர்கள் ஏமாறும் இடம் இது.

கசிவைத் தேடுவது

இரவு வண்டியின் முன்பகுதிக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வையுங்கள். காலையில் சொட்டின் நிறம் பேசும். தெளிந்த நீர் என்றால் ஏசி தண்ணீர். கறுப்பு என்றால் பெரும்பாலும் இஞ்சின் ஆயில். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ நீர்த்து இருந்தால் கூலண்ட். சிவப்பு அல்லது செம்பழுப்பில் வழவழப்பாக இருந்தால் நம் ஆள். ஆனால் ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் கியர்பாக்ஸிலும் அதே சிவப்பு ஆயில் இருக்கலாம்; சொட்டிய இடத்தைக் கவனித்துப் பிரித்தறியுங்கள்.

அடுத்து, டப்பாவின் கழுத்து, கிளாம்ப்கள், பம்பின் முன்பக்கத் தண்டு, அழுத்தக் குழாயில் ரப்பரும் உலோகமும் சேரும் இடம், கடைசியாக ரேக்கின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் பூட் என்று ஆயில் போகும் வழியிலேயே போய்ப் பாருங்கள். எல்லா இடமும் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் எங்கே தொடங்கியது என்று தெரியாது. இஞ்சின் ஆறியபின் டிகிரீசர் அடித்து, பனியன் வேஸ்ட்டால் நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். பிறகு முகப் பவுடரை மெல்லிதாகத் தூவுங்கள். இஞ்சினை ஓடவிட்டு, உதவிக்கு ஒருவரை உட்காரவைத்து ஸ்டீயரிங்கை நாலைந்து முறை ஒடிக்கச் சொல்லுங்கள். நிறுத்திவிட்டுப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஈரம் தொட்ட இடம் கறை போலத் தெரியும். இஞ்சின் ஓடும்போது ஓடும் விசிறிக்கும் பெல்ட்டுக்கும் பக்கத்தில் கையையோ துப்பட்டாவையோ வேட்டி நுனியையோ கொண்டுபோகாதீர்கள். அழுத்தக் குழாயை விரலால் தடவிக் கசிவு தேடுவதும் கூடாது. மெல்லிய பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சூடான சைலன்சர் குழாயின்மேல் ஆயில் சொட்டுவது தெரிந்தால் அன்றே வண்டியை நிறுத்துங்கள். அது தீப்பிடிக்கலாம்.

ரப்பர் பூட் உறையைப் பிதுக்கிப் பார்ப்பது பற்றி மேலே சொல்லிவிட்டேன். இஞ்சினை நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்து வைத்தால் ஏதாவது ஒரு பக்கத்து பூட் விரிந்து கைக்கு எளிதாக எட்டும். உள்ளே ஆயில் இருந்தால் ரேக்கின் சீல் போய்விட்டது. சொட்டு நிறுத்தும் மருந்து என்று கடையில் விற்பவற்றை ஊற்றிக் காலம் கடத்த நான் சொல்லமாட்டேன். ரேக்கை இறக்கி சீல் மாற்றுவது அல்லது ரேக்கையே மாற்றுவதுதான் வழி. அது ஒர்க்‌ஷாப் வேலை.

பெல்ட்டும் சத்தங்களும்

பம்பைப் பெல்ட் ஓட்டினால் பெல்ட்டைப் பாருங்கள். சில டீசல் இஞ்சின்களில் பம்ப் பல்சக்கரத்தால் ஓடும். அவற்றில் இந்த வேலை இல்லை. இஞ்சினை நிறுத்தி, டார்ச் அடித்து, உட்பக்க வரிகளில் வெடிப்பு, நூல் பிரிதல், கண்ணாடி போன்ற மினுமினுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கைகொண்டு இறுக்கும் பழைய வகைப் பெல்ட்டானால் இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தும்போது சுமார் 10 மில்லிமீட்டர் அமுங்கலாம். தானியங்கி டென்ஷனர் உள்ளவற்றில் இந்தக் கணக்கு செல்லாது.

சத்தம் நன்றாகப் பேசும். முழுவதும் ஒடிக்கும்போது கீச்சென்று கத்தினால் பெல்ட் வழுக்குகிறது. எந்தப் பக்கம் ஒடித்தாலும் கும்மென்று முனகினால் ஆயில் குறைவு அல்லது காற்று. மேடு பள்ளத்தில் டக் டக் என்றால் டை ராடு எண்ட், பால் ஜாயிண்ட் பக்கம் தேடுங்கள். கடைசிவரை ஒடித்துப் பிடிக்கும்போது மட்டும் மெல்லிய சீறல் வருவது இயல்பு. அழுத்தம் உச்சத்துக்குப் போய் நிவாரண வால்வு திறக்கும் ஓசை அது. அப்படியே பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். ஐந்து விநாடிக்கு மேல் பிடித்தால் ஆயில் வேகமாகச் சூடேறி, பம்பும் சீலும் வாடும்.

எந்த ஆயில்?

டப்பா மூடியிலும் உரிமையாளர் கையேட்டிலும் எழுதியிருப்பதே தீர்ப்பு. டொயோட்டா மூடிகளில் பெரும்பாலும் ஏடிஎஃப் டெக்ஸ்ரான் 2 அல்லது 3 என்று இருக்கும். ஹோண்டாவின் பழைய ஹைட்ராலிக் கார்கள் ஹோண்டாவின் சொந்த ஆயிலையே கேட்கும். பழைய ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் வண்டிகள் சிலவற்றில் பச்சை நிறச் செயற்கை ஆயில். பச்சையில் சிவப்பைக் கலக்காதீர்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. பிரேக் ஆயிலை ஸ்டீயரிங் டப்பாவில் ஊற்றக் கூடாது. ஸ்டீயரிங் ஆயிலைப் பிரேக் டப்பாவில் ஊற்றவே கூடாது. இரண்டு டப்பாவும் அருகருகே இருக்கும் வண்டிகள் உண்டு. பிரேக்கில் உள்ள ரப்பர் வேறு வகை. கனிம எண்ணெய் பட்டால் ஊதிப்போய் பிரேக்கே பிடிக்காமல் போகலாம். தவறி ஊற்றிவிட்டால் பிரேக் மிதியைத் தொடாமல், வண்டியை எடுக்காமல், மெக்கானிக்கை அழையுங்கள். ஸ்டீயரிங் டப்பாவில் பிரேக் ஆயில் விழுந்திருந்தால் இஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் முழுவதையும் உறிஞ்சி எடுங்கள்.

ஆயில் மாற்றுவது

கையேட்டில் கெடு இருந்தால் அதன்படி மாற்றுங்கள். இல்லையென்றால் நான் 50,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுகிறேன். ஆயில் கறுத்தால் அதற்கு முன்பே.

புதியவர்களுக்கு ஏற்றது சிரிஞ்சு முறை. மருந்துக் கடையில் 50 மில்லி சிரிஞ்சு கிடைக்கும். அதன் நுனியில் மெல்லிய டியூப்பைச் செருகி, இஞ்சின் ஓடாதபோது டப்பாவில் உள்ளதை உறிஞ்சுங்கள். புது ஆயிலைக் கோடுவரை நிரப்புங்கள். இஞ்சினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இருபக்கமும் நாலைந்து முறை மெதுவாக ஒடியுங்கள். ஒரு தடவையில் டப்பாவில் உள்ளது மட்டுமே மாறும். ரேக்கிலும் குழாயிலும் பழசு இருக்கும். வாரத்துக்கு ஒன்றாக மூன்று, நான்கு முறை செய்தால் ஆயில் தெளிந்துவிடும்.

முழுவதும் ஒரே நாளில் மாற்ற விரும்பினால் இரண்டு பேர் வேண்டும். சரியான ஆயில் 2 லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

1. சமதரையில் கைப்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, இரண்டு ஸ்டாண்டுகளில் அமர்த்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையை நீட்டாதீர்கள்.

2. டப்பாவைக் காலி செய்யுங்கள். அதில் இரண்டு ரப்பர் குழாய்கள் சேரும். பம்புக்குப் போகும் தடித்தது உறிஞ்சு குழாய். ரேக்கிலிருந்து வரும் மெல்லியது ரிட்டர்ன். அந்த ரிட்டர்னைக் கழற்றி, டப்பாவின் மூக்கை ரப்பர் மூடியால் இறுக்கமாக அடையுங்கள்.

3. ரிட்டர்ன் குழாயின் நுனியில் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் டியூப் ஒரு மீட்டர் செருகி, மறுமுனையைக் காலி பாட்டிலுக்குள் விடுங்கள். அந்த டியூப் தெளிவானது. உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்கலாம்.

4. டப்பாவில் புது ஆயில் ஊற்றுங்கள். இஞ்சின் ஓடக் கூடாது. உதவியாளர் சாவியைத் திருப்பிப் பூட்டை விடுவித்து, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாக ஒடிக்கட்டும். பழைய ஆயில் பாட்டிலுக்கு வரும். டப்பா வற்றவிடாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். வற்றினால் காற்று புகும்.

5. முதலில் காப்பிக் கஷாயம் போல வரும். பிறகு நிறம் இளகும். டியூப்பில் தெளிந்த சிவப்பு தெரிந்ததும் நிறுத்தி, ரிட்டர்னைத் திரும்ப மாட்டி கிளாம்ப் போடுங்கள்.

6. இனிக் காற்றை வெளியேற்ற வேண்டும். இஞ்சின் ஓடாமலேயே 15, 20 முறை இருபக்கமும் ஒடியுங்கள். டப்பாவில் குமிழ் வருவது நிற்கும்வரை பொறுமை வேண்டும். இங்கே அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால் காற்று நுரையாகி, வெளியேற நாளாகும். குமிழ் நின்றபின் இஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு இன்னும் சில முறை ஒடித்து, மட்டத்தைச் சரிசெய்து, வண்டியை இறக்குங்கள்.

பழைய ஆயிலை ஒர்க்‌ஷாப்பில் கழிவு ஆயில் சேர்க்கும் டிரம்முக்குக் கொடுத்துவிடுங்கள். கரையானுக்கு என்று வேலியோரம் ஊற்றும் பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. அது மண்ணில் இறங்கிக் கிணற்றுத் தண்ணீரைக் கெடுக்கும்.

மின்மோட்டார் ஸ்டீயரிங் என்றால்

ஆயில் இல்லை, பெல்ட் இல்லை. சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் ஸ்டீயரிங் படமோ இபிஎஸ் என்ற எழுத்தோ எரிந்து, இஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். மோட்டார் நிறைய மின்சாரம் இழுக்கும். மின்னழுத்தம் குறைந்தால் கட்டுப்பாட்டுக் கருவி உதவியைக் குறைத்துவிடும். ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் குறையாமலும், இஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரையிலும் இருப்பது நல்லது. டெர்மினலில் வெள்ளை உப்புப் பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்குங்கள். பிறகு ஃபியூஸ். இவை சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்துப் பார்க்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மலிவான ஸ்கேனர்கள் பெரும்பாலும் இஞ்சின் கோளாறுகளை மட்டும் படிக்கும். ஸ்டீயரிங் கோளாறைப் படிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நெருக்கடியான இடத்தில் நின்ற இடத்திலேயே பல முறை ஒடித்தபின் ஸ்டீயரிங் கனத்தால் பயப்படாதீர்கள். மோட்டார் சூடேறித் தன்னைக் காத்துக்கொள்கிறது, ஆறியதும் சரியாகிவிடும்.

மலை இறங்கும்போது ஒரு பழக்கம் எனக்குப் பெரும் அச்சம் தருகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் டீசல் மிச்சம் பிடிக்க இஞ்சினை அணைத்து இறங்குபவர்கள் இருக்கிறார்கள். இஞ்சின் நின்றால் ஹைட்ராலிக் பம்பும் நிற்கும், பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் சில மிதியில் தீர்ந்துவிடும். தவறி சாவியை உருவினால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளலாம். எந்த வகை வண்டியானாலும் கியரில், இஞ்சின் ஓட இறங்குங்கள்.

வேலை முடிந்ததும் காலியான மைதானத்தில் மெதுவாக இரண்டு, மூன்று எட்டு போடுங்கள். இருபக்கமும் ஒரே கனம் இருக்க வேண்டும். வளைவு முடிந்து பிடியைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானே நடுவுக்குத் திரும்ப வேண்டும். வீட்டுக்கு வந்து அட்டையை மறுபடி அடியில் விரியுங்கள். காலையில் அது காய்ந்திருந்தால், அன்றைய தேதியையும் கிலோமீட்டரையும் ஆயிலின் பெயரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.